நாலு லைட் எரிஞ்சா சோறு

ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன் ஆன்ட்டி. கேக்கல, சொல்றேன். பஸ்ல எனக்கு வாந்தி வரும். நடுவுல நீங்க இருந்தா உங்க புடவைதான் போகும். பாருங்க, உடனே நகர்ந்துட்டீங்க. நேரா சொன்னா வேலை நடந்துடுது.

உங்களை அக்கான்னும் கூப்பிடலாம். ஆனா என் வாயில நாள் பூரா ஒரு அக்காதான் வந்துக்கிட்டிருக்கா, குழம்பிடும். அதனால ஆன்ட்டி. வயசுக்காக இல்ல. சரி, வயசுக்காகவும்தான்.

இது திருப்பூருக்கு எத்தனை மணிக்குப் போகும்? கண்டக்டர் ஆறேகால்ங்கறார். சேலத்தை விட்டு வெளிய வரவே முக்கால் மணி நேரம் ஆக்கிட்டு ஆறேகாலாம். எனக்கு ஏழுக்குள்ள போகணும். இல்ல, ஏழு தாண்டிப் போனாலும் நல்லதுதான். இல்ல, தாண்டக் கூடாது. எனக்கே தெரியல ஆன்ட்டி, சீக்கிரம் போகணுமா, போகவே வேண்டாமான்னு.

என்ன அப்படிப் பாக்கறீங்க? எங்கயோ பார்த்த மூஞ்சியா? அந்த டிவி விளம்பரம்தான். மூஞ்சி பூரா சேறு, தலைக்கு மேல கிழிஞ்ச தார்ப்பாய், கையில ஈர விறகு. நான்தான் அது. ‘காட்டுக்குள்ள காமெடி.’ இன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்குப் போடறாங்க. தயவுசெஞ்சு பாக்காதீங்க. நீங்க ஒருத்தர் பாக்கலன்னா என்ன ஆகப்போகுது, ஒண்ணும் ஆகாது. ஆனாலும் பாக்காதீங்க. அது ஓடினா எங்க அக்கா இனிமே நாங்க குடியிருக்கற காம்பவுண்டுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வீடும் போயிடும். அவ்வளவும் நான் பேசின பேச்சால.

அந்த நிகழ்ச்சி பார்த்ததே இல்லையா? விளம்பரம் மட்டும்தானா? சரி, சொல்றேன். கொல்லிமலைப் பக்கம் ஒரு எஸ்டேட். மேல ஒரு மேடை, கூரை போட்டு, சோபா போட்டு, ஃபேன் வெச்சு. அதுல நாலு பேர் உக்காந்திருப்பாங்க. நாலு பேரும் காமெடி ஆளுங்க. கையில காபி. கீழ சேத்துல நாங்க ஆறு பேர். மூணு நாள் அங்க பொழைச்சுக் காட்டணும். தார்ப்பாய் கட்டணும், கயிறு பிடிச்சு ஓடையைத் தாண்டணும், ஈர விறகுல நெருப்பு மூட்டணும். செய்யும்போதே பேசணும், பேசி அந்த நாலு பேரையும் சிரிக்க வைக்கணும். ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒரு பட்டன். சிரிப்பு வந்தா அமுக்குவாங்க, அவங்க தலைக்கு மேல லைட் எரியும். ஒரு லைட் எரிஞ்சா எங்களுக்கு ஒரு தீக்குச்சி. நாலும் எரிஞ்சா சோறு. அவ்ளோதான். நாங்க நடுங்கறதைப் பார்த்து அவங்க கமெண்ட் அடிப்பாங்க, ஜனங்க வீட்ல உக்காந்து சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். போன வருஷம் ஒரு ஆளு அட்டை கடிச்சு அழுதப்போ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன்.

பேரு மோனிஷா. பதினேழு. பதினொண்ணாவது பாதியில நின்னுட்டேன். ஏன்னு கேப்பீங்க, நானே சொல்லிடறேன். எங்க பிசிக்ஸ் சார் அவர்கிட்ட டியூஷன் வர்ற பசங்களுக்கு மட்டும் கேள்வித்தாளை முந்தின நாளே குடுப்பார். பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சு அதைச் சொன்னேன். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா எல்லாப் பிள்ளைங்களும் தலையைக் குனிஞ்சுக்கிச்சுங்க. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு டிசியைக் கையில குடுத்துட்டாங்க. அப்புறம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். ‘இந்தக் கவர் ரெண்டு மாசத்துல மஞ்சளாயிடும், வாங்காதீங்க’ன்னு கஸ்டமர்கிட்ட சொன்னேன். அங்கயும் அனுப்பிட்டாங்க. எனக்குப் பொய் வராது ஆன்ட்டி. பெருமைக்குச் சொல்லல. காம்பவுண்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, சுகன்யா தங்கச்சிகிட்ட புதுப் புடவையைக் காட்டாத, நல்லா இல்லன்னு சொல்லிடுவான்னு.

சுகன்யாதான் எங்க அக்கா. பனியன் கம்பெனியில டெய்லர். அம்மா இல்ல. அப்பா இருக்கார், வேற வீட்ல, வேற பிள்ளைங்களோட. பூலுவப்பட்டியில ஒரு காம்பவுண்டுல நானும் அக்காவும் இருக்கோம். எட்டு வீடு, ஒரே குழாய், ஒரே படிக்கட்டு. தும்மினா எட்டு வீட்டுக்கும் கேக்கும்.

நான் அக்கா கம்பெனி சூப்பர்வைசர் மாதிரி பேசி ஒரு வீடியோ போட்டிருந்தேன், நிறைய பேர் பார்த்தாங்க. அதைப் பார்த்துத்தான் டிவியில கூப்பிட்டாங்க. ஜெயிச்சா அந்த சேனல்லயே காமெடி எழுதற வேலை. எனக்கு அந்த வேலை வேணும். சர்டிபிகேட் கேக்காத வேலை அது ஒண்ணுதான் இருக்கு. பதினெட்டு ஆகலங்கறதால கார்டியன் கையெழுத்து வேணும்னாங்க. அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுட்டு கூட வந்தா. பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருந்த இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டா. பதினோரு பக்கம். ஒண்ணையும் படிக்கல. ஒரே ஒரு கட்டத்துல மட்டும் நின்னா. ‘கணவர் தொழில்’னு இருந்துச்சு. பேனா மூடியைக் கடிச்சா. அப்புறம் ‘எலக்ட்ரீஷியன், துபாய்’னு எழுதினா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. டிவி கம்பெனி பாரத்துல கூடவா.

கிளம்பும்போது காதுல வந்து சொன்னா: ‘மோனி, என்ன வேணா பேசு. ஸ்கூலை விட்டு அனுப்பினதை மட்டும் சொல்லிடாத. நாளைக்கு உனக்கு வரன் பாக்கறப்போ அது வந்து நிக்கும்.’

அது ஒண்ணைத்தான் சொல்லக் கூடாதுன்னா. நான் காப்பாத்தினேன் ஆன்ட்டி. மூணு நாள்ல ஸ்கூலைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

முதல் நாள் எனக்கு ஒரு லைட்கூட எரியல. அந்த சூப்பர்வைசர் குரல்ல பேசிப் பார்த்தேன். மீசை மனோகர்னு ஒருத்தர், அந்த நாலு பேர்ல பெரியவர், ‘பாப்பா, உனக்கு சூப்பர்வைசர் மேல கோவமா, எங்க மேல கோவமா? எனக்குத் தூக்கம் வருது’ன்னார். அதுக்கு மத்த மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவர் ஜோக்கு சொன்னா லைட் கிடையாது, அவருக்குத்தான் சோறு ஏற்கெனவே இருக்கே. அன்னிக்கு மழை. விடியற வரைக்கும் நனைஞ்சேன். ஒரு வாழைப்பழமும் ஒரு பாட்டில் தண்ணியும் எல்லாருக்கும் குடுப்பாங்க, சாகாம இருக்கறதுக்கு. ரெண்டாம் நாள் மத்தியானத்துக்குள்ள லைட் எரியலன்னா நான் அவுட்.

பக்கத்துலதான் யூனிட் ஆளுங்களுக்குச் சமைக்கற இடம். தக்காளி சாதம். பட்டை கிராம்பு வதக்கற வாசனை வேற யாருக்கும் போகாம நேரா என் மூக்குக்குத்தான் வருது.

சேவியர் அண்ணன்னு தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் எங்க ஆறு பேர்ல இருந்தார். கல்யாண வீடுகள்ல மிமிக்ரி பண்றவர். முந்தின நாளே சோறு தின்னுட்டார். அவர் பக்கத்துல வந்து, ‘ஏ பிள்ள, கம்பெனி, சூப்பர்வைசர் எல்லாம் விடு. அவங்களுக்கு வீட்டைத் தொறந்து காட்டணும். எங்க அய்யா குடிச்சிட்டு கோழிக் கூண்டுக்குள்ள படுத்துக் கெடந்ததச் சொன்னேன், நாலும் எரிஞ்சிச்சா இல்லையா’ன்னார்.

‘அது நிஜமாண்ணா?’ன்னேன்.

‘நெசம்னாதாம்ல சிரிப்பான். சும்மா அடிச்சு விட்டா மூஞ்சில தெரிஞ்சிரும்.’

எங்க வீட்ல என்ன இருக்குன்னு யோசிச்சேன். அக்கா இருக்கா. அக்காகிட்ட துபாய் இருக்கு.

நீங்க திருப்பூர்ல எங்க இறங்கறீங்க? வீரபாண்டியா? அது அந்தக் கோடி. அப்போ சொல்லலாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அண்ணா, நீங்க முன்னாடி திரும்பி உக்காருங்க, உங்களுக்குச் சொல்லல.

மூணு வருஷம் முன்னாடி தினகரன் மாமா, அக்காவோட வீட்டுக்காரர், துபாய்க்குன்னு கிளம்பினார். காம்பவுண்டே சேர்ந்து வழியனுப்பிச்சு. சாந்தாமணி அம்மா, அவங்கதான் வீட்டு ஓனர், எலுமிச்சங்கா ஊறுகாய் கட்டிக் குடுத்தாங்க. பெங்களூர்ல இருந்து பிளைட்டுன்னு பஸ் ஏறினார். ஓசூர்ல இறங்கிட்டார். அங்க அவருக்கு ஒரு வீடு, ஒரு பொம்பளை, ஒரு கைக்குழந்தை, எல்லாம் முன்னாடியே தயாரா இருந்திருக்கு. ஊறுகாயை அவங்கதான் தின்னிருப்பாங்க. எட்டு மாசம் கழிச்சு அக்கா கம்பெனி ஆள் ஒருத்தர் நேர்ல பார்த்துட்டு வந்து சொன்னார். அக்கா முழுசா கேட்டுக்கிட்டா. அன்னிக்கு சாயங்காலம் வர்ற வழியில பேரீச்சம்பழம் வாங்கிட்டு வந்து எட்டு வீட்டுக்கும் குடுத்தா. ‘அவர் அனுப்பிச்சார்’னு.

அன்னிக்கு ஆரம்பிச்சது. சாந்தாமணி அம்மா நல்லவங்கதான், ஆனா ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் குடுக்க மாட்டாங்க. மேல் வீட்டு வளர்மதி அக்கா புருஷன் செத்து மூணாம் மாசம் காலி பண்ண வெச்சாங்க. ‘தப்பா நினைச்சுக்காத கண்ணு, நாலு பேரு பேசுவாங்க’ன்னு கூடவே அழுதுக்கிட்டுத்தான். நான் அக்காகிட்ட அப்பவே சொன்னேன், உண்மையைச் சொல்லிட்டு வேற வீடு பாப்போம்னு. ‘வேற வீட்ல மட்டும் என்ன கேப்பாங்க’ன்னா. எனக்கு அந்தப் பதில் பிடிக்கல.

அதைத்தான் சொன்னேன் ஆன்ட்டி. விறகைக் கையில வெச்சுக்கிட்டு மேல பார்த்து, ‘சார், எங்க மாமா மூணு வருஷமா துபாய்ல இருக்கார். ஆனா அது துபாய்க்கே தெரியாது’ன்னேன்.

ஒரு லைட். என் வாழ்க்கையில முதல் லைட்.

பேரீச்சம்பழம் சொன்னேன். பாக்கெட்டுக்குப் பின்னாடி புது பஸ் ஸ்டாண்டு கடைச் சீட்டு ஒட்டியிருக்கும்ல, அக்கா தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு அதைச் சுரண்டுவா, பழத்துக்கு வலிக்காம. ரெண்டு லைட். கொடியில வாரத்துக்கு ஒரு தடவை ஆம்பளை சட்டை காயும், போட்டுக்க ஆளே இல்லாத சட்டை, துவைச்சுத் துவைச்சே காலர் கிழிஞ்சு போச்சுன்னேன். மூணு. அப்புறம் படிக்கட்டு. தினம் எட்டேமுக்காலுக்கு அக்கா படிக்கட்டுல உக்காந்து காதுல போனை வெச்சுக்கிட்டு, ‘சாப்டீங்களா? அங்க வெயில் எப்படி? மாத்திரை போட்டீங்களா?’ன்னு எட்டு வீட்டுக்கும் கேக்கற மாதிரி பேசுவா. ஒரு நாள் பேசிக்கிட்டிருக்கும்போதே அந்தப் போன் ரிங் ஆயிடுச்சு. நான்தான் கடையில இருந்து கூப்பிட்டேன், பால் வாங்கவான்னு கேக்க.

நாலு லைட்.

நீங்களும் சிரிக்கறீங்க. பரவால்ல, சிரிங்க. நல்ல ஜோக்குதான் அது.

வாய் நிக்கல எனக்கு. கோகுல் கதையையும் சொன்னேன். சாந்தாமணி அம்மா பையன் கோகுல். நான் பத்தாவது படிக்கறப்போ, அக்கா ஓவர்டைம்ல இருந்து வர்றதுக்குள்ள ரெண்டு நாள் வந்து கதவைத் தட்டினான். மோட்டர் சாவி வேணுமாம். மோட்டர் சாவி அவங்க வீட்லதான் இருக்கும். அக்காகிட்ட சொன்னேன். அக்கா அன்னிக்கு படிக்கட்டுல உக்காரல, நேரா கோகுல் வீட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டு போன் பேசறா. ‘ஆமாங்க, அடுத்த மாசம் வர்றீங்களா? வந்து நாலு நாள் இருங்க. உங்க கோவத்தை மட்டும் அங்கயே வெச்சுட்டு வாங்க, போன தடவை அந்த ஆளை அடிச்ச மாதிரி இங்க யாரையும் அடிச்சிடாதீங்க’ன்னு. எங்க மாமா கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். மனோகர் சார் சோபாவைத் தட்டித் தட்டிச் சிரிச்சார்.

என்ன கேக்கறீங்க? கோகுலா? அதுக்கப்புறம் வரல. ஒரு நாளும் வரல. ஏன் கேக்கறீங்க?

கடைசியா தீபாவளிக் கதை. தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா மாமாகூடப் போன்ல சண்டை போட்டா. ‘இந்தத் தடவையாவது வருவீங்கன்னு இருந்தேனே, எனக்கு வேற யாரு இருக்கா’ன்னு ஆரம்பிச்சு, பத்து நிமிஷம். அழுகை வேற. யாருமே இல்லாத போன்ல. மூக்கெல்லாம் செவந்து போய் உள்ள வந்து, கதவைச் சாத்திட்டு, என்னைப் பார்த்து ‘அவருக்கு லீவு குடுக்கலையாம் மோனி’ங்கறா. ‘அக்கா, நான்தான் இது. இங்க யாரும் இல்ல, நிறுத்து’ன்னேன். இதைச் சொன்னதும் மனோகர் சார் சோபாவுல இருந்து சரிஞ்சு கீழ உக்காந்துட்டார். துண்டால கண்ணைத் துடைக்கறார். மறுபடியும் நாலு லைட்.

நடிப்புதான ஆன்ட்டி அது? ஆளே இல்லாத போன்ல எதுக்கு ஒருத்தி நிஜமா அழணும்?

சோறு வந்துச்சு. ஆவி பறக்க. உங்ககிட்ட நான் நல்லவளாட்டம் சொல்லிக்கலாம், மனசு கேக்கல, தொண்டையில இறங்கலன்னு. இறங்கிச்சு. சேத்துக் கையோடவே தின்னேன். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன். கை கழுவற இடத்துல கேமராக்காரர், ‘செம்மம்மா, ஊரே பாக்கப் போகுது’ன்னார். அப்போதான் எனக்கு உறைச்சுது. அது வரைக்கும் நான் மேல இருக்கற நாலு பேர்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னு இருந்துச்சு. சுத்தி எட்டு கேமரா. பசியில கேமராவே கண்ணுக்குத் தெரியல.

மறுநாள் கயித்துல கை வழுக்கி ஓடையில விழுந்தேன். அவுட். சேவியர் அண்ணன்தான் ஜெயிச்சார். அந்த வேலையும் இல்ல.

வீட்டுக்கு வந்தா அக்கா சுடுதண்ணி போட்டு வெச்சிருந்தா. கால்ல அட்டை கடிச்ச இடத்துக்கெல்லாம் மஞ்சள் வெச்சுக்கிட்டே ‘சிரிச்சாங்களாடி?’ன்னா. சிரிச்சாங்கன்னேன். ‘எதுக்குச் சிரிச்சாங்க?’ன்னா. ‘பொதுவா’ன்னேன்.

போன புதன்கிழமை விளம்பரம் வந்துச்சு. அதுல அந்த ஒரு வரி. ‘துபாய்க்கே தெரியாது’ன்னு நான் சொல்றேன், உடனே மனோகர் சார் சோபாவுல இருந்து சரியற மாதிரி ஒட்டியிருக்காங்க. உடனே எங்க வீட்டு செட்டாப் பாக்ஸ் கார்டை உருவி ரவை டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். அக்கா வந்து டிவி என்னாச்சுன்னா, சிக்னல் இல்லன்னேன். கார்டு இல்லாம சிக்னல் எப்படி வரும், அது பொய் இல்ல. குழாயடிக்குக்கூட நான் போகல, காம்பவுண்டுல யார் பார்த்தாங்க, பாக்கலன்னு தெரிஞ்சுக்கவே பயம். அக்கா என்னடான்னா, வியாழக்கிழமை காலையில ஒரு பாட்டைப் பாடிக்கிட்டே வந்து, ‘மோனி, ஞாயித்துக்கிழமை சாந்தாமணி அம்மா வீட்டுப் பெரிய டிவியை முற்றத்துல வெக்கச் சொல்லிட்டேன். எட்டு வீடும் சேர்ந்து பாக்கப் போறோம். நான் கேசரி கிண்டறேன்’ங்கறா. பாவம், ஒண்ணுமே தெரியாம. ‘உங்க மாமாவும் அங்க நெட்ல பாப்பாருன்னு சொல்லியிருக்கேன்’னா.

அதான் மெட்ராஸ் போனேன். டப்பிங் வேலை இருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன். டப்பிங் ஸ்டூடியோ வாசல்லதான் நேத்து பூரா நின்னேன், அதனால அதுவும் பொய்னு சொல்ல முடியாது. நித்திலா மேடம்னு ஒருத்தங்க, அவங்கதான் நிகழ்ச்சியோட தயாரிப்பாளர், சாயங்காலம் வெளிய வந்தாங்க. கால்ல விழல, ஆனா விழற மாதிரிதான் நின்னேன்.

‘மேடம், அந்தத் துபாயை வெட்டிடுங்க. மத்ததெல்லாம் வெச்சுக்குங்க. நான் ஓடையில விழுந்ததை நாலு தடவை போட்டுக்குங்க.’

‘அதுதாம்மா இந்த வாரத்துக்கே உயிரு. அதை எடுத்துட்டா என்ன இருக்கு?’

‘அக்கா பேரையாவது மறைச்சிடுங்க.’

‘பேரே வரலையேம்மா. எங்க அக்கா, எங்க அக்கான்னுதான் நீ சொல்ற.’

‘எனக்கு ஒரே அக்காதான் மேடம்.’

அதுக்கு அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டாங்க, ஆனா வந்துச்சு. எனக்கு அந்த நேரத்துலயும் மனசு ஒரு லைட்டுன்னு எண்ணுது பாருங்க. அப்புறம், ‘உங்க அக்காதானே கையெழுத்துப் போட்டிருக்காங்க? அவங்ககிட்ட சொன்னியா இல்லையா? முதல்ல வீட்டுக்குப் போய் அதைச் சொல்லு’ன்னாங்க. ஆபீஸ் பையன் கையில இட்லி குடுத்து அனுப்பினாங்க. அதையும் தின்னேன்.

ஒரு விஷயம் நேரா சொல்லணும்னா நான் யாருக்கும் பயந்ததில்ல. ஹெச்.எம்.முக்கு, சூப்பர்வைசருக்கு, யாருக்கும். எங்க அக்காகிட்ட சொல்ல வாய் வரல. அஞ்சு நாளாச்சு. பெருந்துறை வேற வந்துடுச்சு. ஆன்ட்டி, உங்க போன்ல இருந்து கூப்பிட்டு நீங்க சொல்லிடறீங்களா? யாரோ தெரியாதவங்க சொன்னா அவளுக்கு…

இருங்க. அவதான் கூப்பிடறா.

அலோ. ம். பஸ்லதான். பெருந்துறை. சாப்பிட்டேன். அக்கா, நான் உன்கிட்ட ஒண்ணு… என்ன? எப்போ? புதன்கிழமையா? யாரு போன்ல?… அக்கா… நான்… ம். ம். யார் யாரு?… அப்போ முற்றத்துல டிவி எதுக்குக்கா?… சாந்தாமணி அம்மா என்ன கேட்டாங்க?… நீ என்ன சொன்ன?… இல்லக்கா, என்னால… அக்கா, எனக்கு அது வராது, உனக்கே தெரியும்… ம். ம். சரி. வெச்சிடறேன்.

அவளுக்குத் தெரியும் ஆன்ட்டி.

புதன்கிழமை மத்தியானமே தெரியும். கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல யாரோ போன்ல காட்டியிருக்காங்க. முப்பது பேர் சுத்தி நின்னு அவ மூஞ்சியைப் பார்த்திருக்காங்க. இவதான் முதல்ல சிரிச்சாளாம். ‘டிவிக்காரங்க எழுதிக் குடுத்ததை எப்படி மனப்பாடம் பண்ணிச் சொல்றா பாருங்க எங்க மோனி’ன்னு. காம்பவுண்டுலயும் அதையே சொல்லியிருக்கா. ரவை டப்பாவுல கார்டு இருக்கறதும் தெரியுமாம், கேசரிக்கு ரவை எடுத்தப்போ கையில வந்துச்சாம். நான் எதுக்கு மெட்ராஸ் போனேன்னும் தெரியும். ‘எப்படியும் வெட்ட மாட்டாங்கன்னு தெரியும், போயிட்டு வரட்டும்னு விட்டேன்’ங்கறா. முற்றத்துல டிவி வெக்கச் சொன்னது எதுக்குன்னு கேட்டேன். ‘உள்ள ஒளிஞ்சுக்கிட்டா நிஜம்னு ஆயிடும்டி. எல்லார் நடுவுலயும் உக்காந்து நானும் சிரிக்கணும்’னா.

திட்டவே இல்ல ஆன்ட்டி. திட்டியிருக்கலாம்.

சாந்தாமணி அம்மா முழுசா நம்பலையாம். ‘பேரீச்சம்பழம், சட்டை எல்லாம் சரியா வருதே கண்ணு’ன்னு இழுத்திருக்காங்க. புதன்கிழமை விளம்பரத்துல அது வரல, இன்னிக்குக் காலையில புதுசா நீளமா ஒண்ணு போட்டிருக்கான். ‘எதுக்கும் மோனி வரட்டும், அவளைக் கேட்டுக்கறேன்’னு சொல்லிட்டாங்களாம். அக்கா சொல்றா: ‘நான் என்ன சொன்னாலும் ஒரு சந்தேகம் இருக்கும். நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. நீ பொய் சொல்ல மாட்டன்னு எட்டு வீட்டுக்கும் தெரியும். அதனால ஒரே ஒரு தடவை மோனி. நீ சொன்னா அதோட முடிஞ்சுது.’

ஒரே ஒரு தடவை. எல்லாரும் தினம் நூறு சொல்றாங்க, நான் ஒண்ணு சொல்லணும், வராது எனக்கு. சேவியர் அண்ணன் சொன்ன மாதிரி மூஞ்சில தெரிஞ்சிடும். நீங்க சொல்லிக் குடுங்க. உங்களுக்கு வயசாச்சு, நிறைய சொல்லியிருப்பீங்க. கண்ணைப் பாக்கணுமா, பாக்கக் கூடாதா? முதல்லயே சொல்லணுமா, கேட்டதுக்கு அப்புறம் சொல்லணுமா?

நீங்கதான் சாந்தாமணி அம்மா. ‘ஏங்கண்ணு, உங்க மாமா நெசமாலுமே துபாய்லதான் இருக்காரா?’ன்னு கேளுங்க. பாசமா கேளுங்க, அவங்க பாசமாத்தான் கேப்பாங்க.

‘அதெல்லாம் எழுதிக் குடுத்ததுங்கம்மா. மாமா துபாய்லதான் இருக்கார். ஆனா…’

பாருங்க. ஆனான்னு வந்துடுது. அது எங்க இருந்து வருதுன்னே தெரியல. மறுபடியும் கேளுங்க.

‘மாமா துபாய்லதாங்கம்மா இருக்கார், எனக்குத் தெரிஞ்சு.’

எனக்குத் தெரிஞ்சு வேண்டாமா? ஆமா, அது வேண்டாம். நீங்க சிரிக்காதீங்க ஆன்ட்டி. சிரிச்சா எனக்கு இன்னும் சொல்லத் தோணுது. பின்னாடி சீட்டுக்காரங்களும் சிரிக்கறாங்க. எல்லாரும் தயவுசெஞ்சு கொஞ்சம் சிரிக்காம இருங்க. எங்க அக்கா பார்த்திருக்கா, கம்பெனியில, முப்பது பேர் நடுவுல, அவளே முதல்ல சிரிச்சிருக்கா. எப்படி ஆன்ட்டி முடிஞ்சுது அவளுக்கு.

பெருமாநல்லூர் தாண்டிடுச்சா? அதுக்குள்ளயா? சேலத்துல ஊர்ந்துட்டு இப்போ பறக்கறான்.

கேளுங்க. ‘துபாய்லதான் இருக்கார்.’ இல்ல, குரல் நடுங்குது. கேளுங்க. ‘துபாய்லதாங்கம்மா.’ மூஞ்சி எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க. நம்பற மாதிரியே இல்லையா? சரி. பரவால்ல. வீட்டுக்குப் போக ஸ்டாப்புல இருந்து அஞ்சு நிமிஷம் நடக்கணும், அதுக்குள்ள பழகிடுவேன்.

பூலுவப்பட்டி இறங்கணும்ண்ணா, நிறுத்துங்க.

அய்யோ. அக்கா ஸ்டாப்புலயே நிக்கறா. என் மஞ்சள் சுடிதாரை அவ போட்டிருக்கா. பக்கத்துல யாரு? அந்தம்மாதான். கூடவே வந்துட்டாங்க. கை காட்டறாங்க பாருங்க, சிரிச்சுக்கிட்டே. இறங்கின உடனே கேட்டுருவாங்க. நடக்கற வரைக்கும்கூட விட மாட்டாங்க. அக்காவும் சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கறா, ஆனா கை ரெண்டையும் எப்படிக் கட்டியிருக்கா பாருங்க.

சீக்கிரம் ஆன்ட்டி. ஒரே தடவை. அந்தம்மா மாதிரியே கேளுங்க.

‘துபாய்லதாங்கம்மா இருக்கார்.’

சரி. வழி விடுங்க.